கதிர்காமக் காட்டுப் பாதையும் கரடியும்: பயணம் போகிறவர் பொறுப்பு



கதிர்காமத்தில் கொடியேறும் நாள் நெருங்கினால் நம் தோட்டங்களிலும் பேச்சு தொடங்கிவிடும். "இந்த வருஷம் வேன் பிடிப்போமா, நடந்தே போவோமா?" என்று லயத்து வாசலில் கேட்டுக்கொள்வார்கள். வேனில் போய், மாணிக்க கங்கையில் முழுகி, சாமி கும்பிட்டுத் திரும்புகிறவர்களுக்கு இந்தக் கட்டுரை அவ்வளவாகத் தேவைப்படாது. பொத்துவில், பாணமை வழியாக உகந்தைக்குப் போய், அங்கிருந்து காட்டுக்குள் நடந்து, இரவில் காட்டிலேயே படுத்து எழும்பிப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறோம். அவர்களை வழியனுப்பி வைக்கும் வீட்டாருக்கும் இது உதவும்.

அந்தக் காட்டில் யானை உண்டு, சிறுத்தை உண்டு, ஆற்றில் முதலை உண்டு என்பது எல்லோருக்கும் தெரியும். கரடியைப் பற்றி மட்டும் நம் ஆட்கள் அதிகம் நினைப்பதில்லை. நம் தேயிலை மலைகளில் கரடி இல்லை என்பதே அதற்குக் காரணம். இங்கே நாம் பார்ப்பது சிறுத்தை, காட்டுப்பன்றி, முள்ளம்பன்றி, பாம்பு. கரடி வாழ்வது யால, குமண, வில்பத்து, வஸ்கமுவ போன்ற உலர்ந்த காடுகளில். அதனால் கரடியின் குணம் நமக்குப் பழக்கமில்லை. பழக்கமில்லாத இடத்தில்தான் பிழை நடக்கிறது.

ஒன்றை முதலிலேயே சொல்லி விடுகிறோம். கரடி மனிதனைத் தேடி வருவதில்லை. நாம்தான் அதன் வீட்டு வாசலில் போய் படுக்கிறோம். ஆகவே அங்கே எப்படி நடக்க வேண்டும், எங்கே படுக்க வேண்டும் என்று தெரிந்துகொள்வது நம்முடைய பொறுப்பு.

பாதை எப்படிப்பட்டது?

யாழ்ப்பாணத்துச் செல்வச் சந்நிதியில் இருந்து புறப்படுகிறவர்கள் திருகோணமலை, மட்டக்களப்பு, திருக்கோவில் என்று கிழக்குக் கரையோரமாக வாரக்கணக்கில் நடந்து உகந்தை முருகன் கோயிலுக்கு வருகிறார்கள். நம் தோட்டத்து ஆட்கள் பெரும்பாலும் மொனராகலை, சியம்பலாண்டுவ வழியாக பஸ்ஸில் பொத்துவிலுக்கு வந்து, உகந்தையில் அவர்களோடு சேர்ந்துகொள்வார்கள்.

உகந்தைக்கு அப்பால் ஊர் இல்லை, கடை இல்லை. குமண தேசிய பூங்காவுக்குள் நடந்து, குமுக்கன் ஆற்றைக் கடந்தால் யால. பிறகு நாவலடி, வியாழை, வள்ளியம்மன் ஆறு, கட்டகாமம் என்று பழைய தங்கல் இடங்களைக் கடந்து கதிர்காமம். நடையைப் பொறுத்து நாலைந்து நாளோ அதற்கு மேலோ எடுக்கும். அத்தனை இரவும் காட்டில்தான்.

1983க்குப் பிறகு யுத்தத்தால் இந்த யாத்திரை நின்று போய், 1988இல் ஒரு சிறு கூட்டத்தோடு மறுபடி தொடங்கியது. அந்த நாட்களில் யால கிழக்கு என்று சொல்லப்பட்ட குமண பூங்கா 1985 முதல் 2003 வரை பார்வையாளர்களுக்கு மூடிக் கிடந்தது. இப்போது ஒவ்வொரு வருஷமும் திருவிழாவை ஒட்டி, அறிவிக்கப்பட்ட சில நாட்களுக்கு மட்டும் உகந்தையில் காட்டுப் பாதை திறக்கப்படுகிறது. மற்ற நாட்களில் அப்படி நடந்து போக முடியாது. அதாவது, இந்தப் பாதை நமக்கு அனுமதியின் பேரில் கிடைக்கிறது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதைப் பற்றி மறுபடி பேசுவோம்.

கரடி எப்படிப்பட்ட பிராணி?

இலங்கையில் இருப்பது ஒரே ஒரு இனக் கரடி. இந்தியாவிலும் நேபாளத்திலும் இதே இனம் உண்டு. கறுப்பு உடம்பு, நீண்ட மூக்கு, நெஞ்சில் வெள்ளையாக ஒரு வளைந்த கோடு. நாடு முழுவதும் 500 முதல் 1,000 வரைதான் இருக்கும் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். ஒரு பெரிய ஆண் கரடி நூறு கிலோ வரை வரும். ஐந்து பேர் நாள் முழுக்க எடுக்கிற கொழுந்தின் நிறை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதன் முக்கியமான சாப்பாடு கறையான், எறும்பு, தேன், காட்டுப் பழங்கள். கறையான் புற்றைத் தோண்டுவதற்காகவே அதற்கு 7 முதல் 10 சென்ரிமீற்றர் வரை நீளமான, வளைந்த நகங்கள் இருக்கின்றன. மேல் வரிசையில் நடுப்பல் இரண்டும் இல்லை. அந்த இடைவெளி வழியாகக் கறையானை உறிஞ்சி எடுக்கும். உறிஞ்சுகிற சத்தம் நூறு யார் தூரத்துக்கும் கேட்கும். மனித இறைச்சிக்காக நம்மேல் பாய்கிற மிருகம் இல்லை அது.

அப்படியானால் ஏன் பயப்பட வேண்டும்? கரடிக்குக் கண் பார்வை குறைவு. காதும் அவ்வளவு கூர்மை இல்லை. மூக்குத்தான் கூர்மை. தலையைப் புற்றுக்குள் விட்டு உறிஞ்சிக்கொண்டிருக்கும்போது ஆள் வருகிற சத்தம் அதற்குக் கேட்பதில்லை. காற்று எதிர்ப் பக்கமாக இருந்தால் மணமும் பிடிபடாது. நாம் பத்து அடிக்கு வந்த பிறகு திடீரென்று தலையை நிமிர்த்திப் பார்க்கும். அந்த நேரத்தில் ஓடித் தப்ப வேண்டும் என்று அதற்குத் தோன்றாது. நின்று அடிக்கும்.

சிறுத்தைக்கும் கரடிக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். மலையில் கொழுந்து எடுக்கும்போது சிறுத்தை இருந்தால், நம்மை அது முந்திக் கண்டு, பெரும்பாலும் நமக்குத் தெரியாமலே விலகிப் போய்விடும். "புலியே ஒதுங்கிப் போவுது, கரடி என்ன செய்யப் போவுது?" என்று நம் பொடியன்கள் நினைக்கிறார்கள். அந்த நினைப்பு ஆபத்தானது. கரடி ஒதுங்கிப் போவதற்கு முதலில் அதற்கு நாம் வருவது தெரிய வேண்டும்.

குட்டியோடு இருக்கும் தாய்க்கரடி இன்னும் கவனமாக இருக்க வேண்டிய ஒன்று. ஒன்றோ இரண்டோ குட்டிகளை முதுகில் ஏற்றிக்கொண்டே அது நடமாடும். தன் குட்டிக்கு ஆபத்து என்று நினைத்தால் விடாது.

கரடி தாக்குவது பெரும்பாலும் தலையையும் முகத்தையும்தான். உயிர் தப்பினாலும் ஒரு கண் போகலாம், மூக்கு போகலாம், கை உடையலாம். ஒரு நாள் பேர் விழாவிட்டாலே வீட்டில் அடுப்புக்குக் கஷ்டம் வருகிற குடும்பங்கள் நாம். கண்ணை இழந்து ஆறு மாதம் ஆஸ்பத்திரியும் வீடுமாக இருந்தால் அந்தக் குடும்பம் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

பழக் காலமும் யாத்திரைக் காலமும் ஒன்று

யால, குமண காட்டில் பாலை மரம் நிறைய இருக்கிறது. அதன் சிறிய மஞ்சள் பழம் பழுப்பது ஜூன், ஜூலை மாதங்களில். பாலைப் பழம் என்றால் கரடிக்கு உயிர். மரத்தில் ஏறியும் சாப்பிடும், கீழே விழுந்ததைப் பொறுக்கியும் சாப்பிடும். யாலவுக்குக் கரடி பார்க்க வருகிற உல்லாசப் பயணிகள் இந்த மாதங்களைத்தான் தெரிந்து வருகிறார்கள்.

நம் யாத்திரையும் அதே மாதங்களில்தான். கச்சான் காற்று அடித்து, குளம் குட்டையெல்லாம் வற்றுகிற காலமும் அதுதான். ஆகவே மிச்சமிருக்கிற தண்ணீருக்கும் பழ மரத்துக்கும் கரடியும் வருகிறது, நாமும் போகிறோம். பாலை மர நிழல் குளிர்ச்சியாக இருக்கிறது என்று பழம் சிதறிக் கிடக்கிற இடத்தில் துண்டை விரித்துப் படுப்பது, அதன் சோற்றுத் தட்டில் படுப்பதற்குச் சமன்.

வஸ்கமுவ காட்டில் கரடிகளுக்கு ரேடியோப் பட்டி மாட்டி ஆராய்ந்தவர் சியாமளா ரத்னாயக்க. அங்கே ஒவ்வொரு கரடியும் சில சதுர கிலோமீற்றருக்குள்ளேயே சுற்றி வாழ்வதாக அந்த ஆய்வில் தெரிந்தது. அதாவது ஓர் இடத்தில் கரடியின் தடம் கண்டால், அந்தக் கரடி எங்கேயோ தூரத்துக்குப் போயிருக்கும் என்று நினைக்கக் கூடாது. கிட்டத்தில்தான் இருக்கும். கரடி அதிகமாக நடமாடுவது இரவிலும், விடியற்காலையிலும், பொழுது சாய்கிற நேரத்திலும். பகல் வெயிலில் அது பாறைக் குகையிலோ அடர்ந்த பற்றைக்குள்ளோ படுத்திருக்கும்.

வீட்டை விட்டுப் புறப்படு முன்

"முருகன் கூட்டிப் போவான், முருகனே கொண்டு வந்து விடுவான்" என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். அந்த நம்பிக்கையை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் தீமிதிக்கப் போகிறவரும் விரதம் இருந்துதான் போகிறார். காவடி எடுப்பவரும் முதலில் முறையைக் கற்றுக்கொள்கிறார். காட்டு வழிக்கும் ஒரு முறை உண்டு. அதைக் கடைப்பிடிப்பதும் விரதத்தில் ஒரு பகுதி என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

போகிறவர் யார் யார், எந்தக் குழுவோடு, எந்த நாளில் காட்டுக்குள் நுழைகிறார், எந்த நாளில் கதிர்காமம் சேருவார் என்பதை வீட்டில் எழுதி வைத்துவிட்டுப் போங்கள். காட்டுக்குள் பல இடங்களில் போன் வேலை செய்யாது. "போய் எடுக்கிறேன்" என்று சொன்னவர் நாலு நாள் எடுக்காவிட்டால் வீட்டில் அழுது புலம்புகிறார்கள். நாள் கணக்கு தெரிந்திருந்தால் எப்போது விசாரிக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும்.

முன்பு போய் வந்த அனுபவம் உள்ளவர் ஒருவராவது குழுவில் இருக்க வேண்டும். பிரஷர், சீனி, தொய்வு வருத்தம் உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்டு, மருந்தையும் எடுத்துக்கொண்டு போங்கள். சின்னப் பிள்ளைகளைக் கூட்டிப் போகலாமா என்பதை ஆசையை வைத்துத் தீர்மானிக்க வேண்டாம். வெயிலில் அவர்களைத் தூக்கிக்கொண்டு எவ்வளவு தூரம் நடக்க முடியும் என்பதை வைத்துத் தீர்மானியுங்கள். வளர்ப்பு நாயைக் கூட்டிப் போகவே கூடாது. நாய் கரடியைக் கண்டால் முதலில் குரைத்துத் துரத்தும். கரடி திரும்பி விரட்டினால் எசமானின் காலடிக்கு ஓடி வரும், கரடியையும் கூட்டிக்கொண்டு.

ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டியவை: நல்ல டோர்ச் லைட்டும் மாற்று பற்றரியும், உறுதியான ஒரு நடைத்தடி, முதுகில் மாட்டுகிற பை, விசில், தண்ணீர்ப் போத்தல், சவர்க்காரம், சுத்தமான பருத்தித் துணி. முதுகுப் பை பொருள் தூக்க மட்டும் உதவுவதில்லை. கரடி தாக்கினால் முதுகையும் பிடரியையும் காப்பது அதுதான்.

சாராயம், கசிப்பு எதுவும் வேண்டாம். புண்ணிய யாத்திரையில் அது கூடாது என்பது ஒரு பக்கம். போதையில் உள்ளவருக்குக் காதும் கேட்காது, காலும் ஒரு வழியில் போகாது. கூட வந்த நாலு பேர் அவரைப் பார்த்துக்கொண்டே நடக்க வேண்டி வரும்.

நடக்கும்போது

கூட்டமாக நடவுங்கள். சத்தத்தோடு நடவுங்கள். வேல் தூக்கி முன்னே போகும் சாமி "அரோகரா" என்று குரல் கொடுக்க, பின்னே வருகிறவர்கள் திருப்பிச் சொல்வது நம் பழைய வழக்கம். பக்திக்காக ஏற்பட்ட அந்த வழக்கம் கரடிக் காட்டில் உயிர்க் காவலாகவும் நிற்கிறது. தூரத்திலேயே மனிதக் குரல் கேட்டால் கரடி தன் பாட்டில் விலகிப் போக நேரம் கிடைக்கிறது. முக்கியமாகப் பாதை வளைகிற இடத்திலும், பற்றை நெருங்கிய இடத்திலும், ஆற்றில் இறங்கும் இடத்திலும் குரல் கொடுங்கள். காதில் ஹெட்போனை மாட்டிப் பாட்டுக் கேட்டுக்கொண்டு தனியாகப் போகிற பிள்ளை கரடிக்குத் தன்னை அறிவிப்பதும் இல்லை, கரடியின் சத்தத்தைக் கேட்பதும் இல்லை.

வேகமாக நடக்கக் கூடியவர்கள் முன்னே ஓடிவிட வேண்டாம். கால் கொப்பளித்தவர்களைத் தனியே பின்னால் விடவும் வேண்டாம். முன்னே ஒரு அனுபவசாலி, கடைசியில் ஒரு பலசாலி, நடுவில் மற்றவர்கள். பிரட்டுக்களத்தில் பேர் கூப்பிடுவது போல, ஒவ்வொரு தரிப்பிலும் ஆட்களை எண்ணிப் பாருங்கள்.

வெயிலுக்குப் பயந்து பலர் விடிய மூன்று மணி, நாலு மணிக்கே நடக்கத் தொடங்குகிறார்கள். வெயில் கொடுமைதான், ஒத்துக்கொள்கிறோம். ஆனால் கரடி நடமாடுகிற நேரமும் அதுதான். இருபது அடி முன்னால் இருப்பது கண்ணுக்குத் தெரிகிற அளவு வெளிச்சம் வந்த பிறகு புறப்படுங்கள். உச்சி வெயிலில் ஓய்ந்து, பின்னேரம் கொஞ்சம் நடந்து, பொழுது சாயுமுன் தங்கல் இடம் சேர்ந்துவிடுங்கள். இருட்டில் நடக்க வேண்டிய கட்டாயம் வந்தால் எல்லா டோர்ச் லைட்டும் எரிய வேண்டும், எல்லா வாயும் பேச வேண்டும்.

குறுக்கு வழி என்று எதுவும் இல்லை. அடையாளமிட்ட பாதையை விட்டு விலகாதீர்கள். நிழலுக்காகப் பாறைக் குகைக்குள் போகாதீர்கள். தேன் கூடு கண்டால் தொடாதீர்கள். புதிதாகத் தோண்டிய புற்றோ, மரத்தில் நகக் கீறலோ கண்டால் முன்னே பின்னே வருகிறவர்களுக்குச் சொல்லுங்கள்.

இரவில் தங்கும்போது

அதிகாரிகளும் பழைய யாத்திரிகர்களும் காட்டுகிற தங்கல் இடங்களிலேயே தங்குங்கள். கூட்டம் அதிகம், தனியாக இருக்கலாம் என்று அரைக் கட்டை தள்ளிப் போய்த் தறப்பாள் கட்டாதீர்கள். மிருகங்கள் தண்ணீருக்கு இறங்குகிற தடத்தில், பழ மரத்தடியில், புற்றுக்குப் பக்கத்தில், பாறை இடுக்கில் படுக்க வேண்டாம். ஆற்று மணலில் தண்ணீருக்காகத் தோண்டிய ஊற்றுக்கு இரவில் மிருகங்களும் வரும். தண்ணீரைப் பகலிலேயே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சமைப்பது, சாப்பிடுவது எல்லாம் வெளிச்சம் இருக்கும்போதே முடியட்டும். சோறு, வாழைப்பழம், பேரீச்சம்பழம், சர்க்கரை, கருவாடு எதையும் தலைமாட்டில் வைத்துத் தூங்காதீர்கள். மூடி இறுக்கிய வாளியிலோ பாத்திரத்திலோ போட்டு, படுக்கிற இடத்தில் இருந்து தள்ளி, எல்லோருடையதையும் ஒரே இடத்தில் வையுங்கள். வாசனைக்குக் கரடி மட்டும் வருவதில்லை, பன்றியும் யானையும் வரும். சாப்பாட்டு வாசனை பிடித்த யானைக்குத் தறப்பாள் ஒரு தடையே இல்லை.

இரவில் முறை போட்டுக் காவல் இருங்கள். இருவர் விழித்திருக்க மற்றவர்கள் தூங்கலாம். படுக்கும்போது பிள்ளைகளும் பெண்களும் நடுவில், பெரியவர்கள் ஓரத்தில். இரவில் வெளிக்குப் போக வேண்டியிருந்தால் வெட்கப்படாமல் ஒருவரை எழுப்புங்கள். டோர்ச் அடித்து, குரல் கொடுத்து, இரண்டு மூன்று பேராகப் போங்கள். பெண் பிள்ளைகள் கூச்சத்தால் தனியாக ஒதுங்குவது உண்டு. தாய்மார் இதை முதலிலேயே பேசி, துணைக்கு யார் என்று சொல்லி வைக்க வேண்டும்.

அடுப்பு எரித்த இடத்தில் தணலை மண் போட்டு, தண்ணீர் ஊற்றி, கையால் தொட்டுப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள். கச்சான் காற்றில் ஒரு தீப்பொறி போதும்.

கரடியைக் கண்டால்

பள்ளிக்கூடத்தில் படித்த ஒரு கதை எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். இரண்டு நண்பர்கள் காட்டில் போனார்கள். கரடி வந்தது. ஒருவன் மரத்தில் ஏறிக்கொண்டான். மற்றவன் செத்தவன் போலக் கிடந்தான். கரடி முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. ஆபத்தில் விட்டு ஓடுகிறவன் நண்பன் இல்லை என்ற அந்தக் கதையின் நீதி நல்ல நீதி. ஆனால் கதையை அப்படியே நம்பிக் காட்டுக்குப் போகக் கூடாது. நம் நாட்டுக் கரடி மரத்தில் நன்றாக ஏறும். கரடியைக் கண்டவுடனேயே விழுந்து கிடப்பதும் சரியில்லை. செய்ய வேண்டியது இதுதான்:

1. கரடி தூரத்தில் இருந்து, உங்களைக் காணவில்லை என்றால், நில்லுங்கள். சத்தமில்லாமல் வந்த வழியே பின்வாங்குங்கள். அது போன பிறகு நடவுங்கள்.

2. அது உங்களைக் கண்டுவிட்டால் ஓடாதீர்கள். மனிதனை விட அது வேகமாக ஓடும். எல்லோரும் ஒன்றாக நெருங்கி நின்று, அதைப் பார்த்தபடியே மெதுவாகப் பின்னே நகருங்கள். அது போவதற்கு வழி விடுங்கள். பிள்ளைகளை நடுவில் வைத்துக்கொள்ளுங்கள்.

3. அது எழும்பி இரண்டு காலில் நின்றால், பெரும்பாலும் மணம் பிடிக்கப் பார்க்கிறது. பதறாதீர்கள்.

4. பாய்ந்து வந்தாலும் பல தடவை பாதி வழியில் நின்று திரும்பிவிடும். ஒன்றாக நின்று, தடியை உயர்த்தி, உரத்துச் சத்தம் போடுங்கள். சிதறி ஓடினால் பின்தங்கியவர்தான் அகப்படுவார்.

5. உடம்பில் கை வைத்துவிட்டால், முகம் தரையில் படக் குப்புற விழுங்கள். இரண்டு கைகளையும் பிடரியில் கோர்த்து, முழங்கையால் முகத்தை மறையுங்கள். முதுகுப் பையைக் கழற்ற வேண்டாம். கரடி விலகிப் போகும் வரை அசையாதீர்கள். உடனே எழும்பினால் திரும்ப வரும்.

6. கூட வந்தவர்கள் அவரை விட்டு ஓடக் கூடாது. ஒன்றாக நின்று சத்தம் போட்டு, கரடிக்கு ஒரு பக்கம் வழி திறந்து விட்டு, விரட்டப் பாருங்கள்.

போனில் படம் எடுப்பதற்காகக் கிட்டப் போவதும், கல் எறிவதும், குட்டியைத் தொடுவதும் உயிரோடு விளையாடுவது.

காயம் பட்டால்

முதலில் இரத்தத்தை நிறுத்த வேண்டும். சுத்தமான துணியைக் காயத்தின் மேல் வைத்து, கையால் இறுக்கி அழுத்திப் பிடியுங்கள். துணி நனைந்தால் அதன் மேல் இன்னொன்று. இரத்தம் நின்ற சிறு காயங்களைச் சவர்க்காரம் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவுங்கள். மஞ்சள், கோப்பித் தூள், விபூதி எதையும் காயத்துக்குள் போடாதீர்கள். முகத்தில் தொங்குகிற சதையை வெட்டி எறிய வேண்டாம். துணியால் மூடி அப்படியே கொண்டு போங்கள். டாக்டர்மார் அதைத் தைத்து ஒட்ட முடியும்.

ஓடத் தெரிந்த இருவர் அருகில் உள்ள வனஜீவராசிகள் உத்தியோகத்தரிடமோ, பாதையில் கடமையில் உள்ள இராணுவத்தினரிடமோ சொல்ல வேண்டும். போன் வேலை செய்கிற இடத்தில் 1990ஐ அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். சின்னக் கீறல்தானே என்று விட்டுவிடாதீர்கள். ஏற்பு ஊசியும், நீர்வெறுப்பு நோய்க்கான தடுப்பூசியும் வேண்டுமா என்பதை ஆஸ்பத்திரியில்தான் தீர்மானிப்பார்கள். யாத்திரை அடுத்த வருஷமும் வரும்.

பின்னால் வருகிறவர்களுக்கு நம் கடமை

கடைசியாகச் சொல்வதுதான் முக்கியமானது. ஒரு தங்கல் இடத்தில் இன்று நாம் படுக்கிறோம். நாளை அதே இடத்தில் இன்னொரு கூட்டம் படுக்கும், மறுநாள் இன்னொன்று. இன்று நாம் மிச்சச் சோற்றையும் பழத் தோலையும் பக்கத்துப் பற்றையில் வீசிவிட்டுப் போனால் நமக்கு ஒன்றும் நடக்காது. நாம் பத்திரமாகப் போய்விடுவோம். இரவில் பன்றி வந்து தின்னும், யானை வரும், கரடியும் மோந்துகொண்டு வரும். இந்த இடத்தில் சாப்பாடு கிடைக்கும் என்று அவை பழகிவிடும். நாளை அங்கே பிள்ளையை அணைத்துப் படுக்கப் போவது மட்டக்களப்புத் தாயாக இருக்கலாம், நம் பக்கத்துத் தோட்டத்துத் தாயாகவும் இருக்கலாம். பிழை ஒருவருடையது, அடி வேறொருவருக்கு. காட்டில் கவனக்குறைவு இப்படித்தான் வேலை செய்கிறது.

ஆகவே கொண்டு போன சொப்பிங் பேக், பிளாஸ்ரிக் போத்தல், பிஸ்கட் உறை அத்தனையையும் திருப்பிக் கொண்டு வாருங்கள். மானும் யானையும் பொலித்தீனைத் தின்று சாகின்றன. தேசிய பூங்காவுக்குள் மரம் வெட்டுவதும், மிருகத்தைத் துன்புறுத்துவதும், துவக்கோ சுருக்குக் கம்பியோ கொண்டு போவதும் சட்டப்படி குற்றம். கரடி 1937ஆம் ஆண்டு வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்ட மிருகம்.

இன்னொன்றும் உண்டு. ஒரு கரடி ஆளைக் கடித்தால், அடுத்த வருஷம் பாதையைத் திறக்கலாமா என்ற கேள்வி எழும்பும். காடு எரிந்தால் எழும்பும். குப்பை குவிந்தாலும் எழும்பும். யுத்தத்தில் நின்று போன யாத்திரையை எத்தனையோ பேர் கஷ்டப்பட்டு மீட்டெடுத்தார்கள். நம் கவனக்குறைவால் அது மறுபடி நின்றுவிடக் கூடாது. அந்தக் கரடிக்கும் அது ஒன்றுதான் காடு. வள்ளியம்மை வாழ்ந்த காடு என்று நாம் கும்பிடுகிற இடத்தில், அதுவும் ஒரு குடியிருப்பாளி.

லயத்துச் சுவரில் ஒட்டி வைக்க

- தனியாகப் போகாதே, தனியாகத் தங்காதே.
- வெளிச்சத்தில் நட, இருட்டுமுன் தங்கு.
- அரோகரா சொல்லி நட, ஹெட்போனைக் கழற்று.
- பழ மரத்தடியிலும் குகையிலும் படுக்காதே.
- சாப்பாட்டைத் தலைமாட்டில் வைக்காதே.
- இரவில் துணையும் டோர்ச்சும் இல்லாமல் எழும்பாதே.
- கரடியைக் கண்டால் ஓடாதே, ஒன்றாக நில்.
- கொண்டு போனதைத் திருப்பிக் கொண்டு வா.

இதைப் படிக்கத் தெரிந்தவர்கள், படிக்கத் தெரியாத பாட்டிமாருக்கும் தாத்தாமாருக்கும் வாசித்துக் காட்டுங்கள். இந்த வருஷம் போகிற பிள்ளைகளைக் கூப்பிட்டு, ஒருமுறை வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். போகிற ஒவ்வொருவரும் போன முகத்தோடு திரும்பி வந்து, மறுநாள் பிரட்டுக்குப் பேர் கொடுக்க வேண்டும் என்பதே எங்கள் பிரார்த்தனை.

கதிர்காமக் கந்தனுக்கு அரோகரா!